நகச்சாயக் கோடு

பங்கு விலைப் படத்தில் கோடு போடக் கற்றுக்கொடுத்துவிட்டு மறைந்துபோனானே ஒரு வீடியோ வாத்தியார், அவன்தான் முதல் குற்றவாளி. விலை விழுந்து விழுந்து எழும் இடம் சப்போர்ட், அதுதான் தரை. முட்டி முட்டித் திரும்பும் இடம் ரெசிஸ்டன்ஸ், அதுதான் கூரை என்றான். தரை உடைந்தால் விற்றுவிட்டு வெளியே வா என்றும் சொன்னான். பேரம் பேசியே பிழைத்த மனுஷனுக்கு இதை மண்டையில் அடித்தல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

அவர் பழைய சாமான் கடைக்காரர். சொன்ன விலைக்கு எதையும் வாங்கியறியாதவர். தரை உடைந்ததும் கோட்டோடும் பேரம் பேசினார். இழுத்துக் கொஞ்சம் கீழே போட்டார். அதுவும் உடைந்தது. மறுபடி இழுத்தார். அந்தப் பங்கில் கிடந்ததோ, ஒழுகும் கொட்டகையை விட்டு முக்குக் கடைக்குப் போகச் சேர்த்த முன்பணம். கடன்காரர் கண்ணுக்குப் பயந்து பங்குக் கணக்கை மனைவி பேரில், மனைவி கைபேசியில் வைத்திருந்தார்.

"ஏங்க, தரைன்னீங்க. தரை தினம் இறங்குமா?"

"உனக்குப் பட்டன்தான் தெரியும், படம் தெரியாது. பேசாம இரு."

அவள் நகச்சாயத்தை எடுத்துவந்து கணினித் திரையின் கண்ணாடி மேலேயே சிவப்பாக ஒரு கோடு இழுத்தாள்.

"இப்ப நகத்துங்க பாப்போம். இதுக்குக் கீழ போனா வித்துடணும். சத்தியமா?"

"சத்தியம்."

மறுநாளே விலை கோட்டுக்குக் கீழே போயிற்று. அவரா அசருவார்? கோடு நகராவிட்டால் என்ன, மவுஸைப் பிடித்துப் படத்தையே மேலே தள்ளினார். விலை சிவப்புக் கோட்டுக்கு மேல் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. சத்தியமும் பிழைத்தது.

தினமும் தள்ளினார்.

"கோட்டுக்கு மேலதான இருக்கு?"

"மேலயா? கூரையைப் பிச்சுக்கிட்டுப் போகுது. நல்ல லாபம்."

"அப்ப அதுல பாதியைக் கையில குடுங்க. கணக்கு என் பேர்லதான இருக்கு."

மறுத்தால் குட்டு உடையும். கல்லாவைத் துடைத்துக் கொடுத்தார். அடுத்த வாரமும் லாபம் என்றார், அடுத்த வாரமும் கேட்டாள். ஸ்கூட்டரை விற்றுக் கொடுத்தார். அவசரம் தெரிந்துபோனதால் எதிராளி கேட்ட விலைக்கே விற்றார். வாழ்க்கையில் முதல் தடவை.

தாங்கவில்லை. "எல்லாத்தையும் வித்துடு."

"எதை?"

"அந்தப் பங்கைத்தான்."

"கோட்டைத் தொட்ட அன்னைக்கே என் போன்ல வித்துட்டேனே. முக்குக் கடைக்கு முன்பணமும் கட்டியாச்சு, என் பேர்ல."

"அப்புறம் எதுக்குடி லாபத்துல பங்கு கேட்ட?"

"நீங்கதான லாபம்னீங்க. புருஷன் சொல்ல நம்பாம இருக்கலாமா?"

கோட்டு வாத்தியாரே, எங்கே இருந்தாலும் முக்குக் கடைக்கு வந்து சேர். கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் அவள். பீரோவை முதுகில் தூக்கிக்கொண்டு நிற்பவர்தான் உன் சிஷ்யர். அந்த ஸ்கூட்டரையாவது மீட்டுக் கொடுத்துவிட்டுப் போ.