மட்டையர் ஆடிய ஒரே பந்து

உலகத்திலேயே மிகக் குறைந்த காலம் விளையாடிவிட்டு, மிக நீண்ட காலம் அதைப் பற்றிப் பேசியவர் எங்கள் மட்டையர்தான். இதைச் சந்தேகிப்பவர்கள் டுசல்டோர்ஃபில் அவரோடு ஒரே சமையலறையில் வேலை செய்யாத பாக்கியசாலிகள்.

மட்டையர் அயர்லாந்துக்காரர். அவர்கள் நாட்டில் ஹேர்லிங் என்று ஓர் ஆட்டம். அகப்பை மாதிரி நுனி அகன்ற மரமட்டையால் பந்தை அடிக்க வேண்டும். பந்தைக் கையால் பிடித்து, மேலே போட்டு அடிக்கவும் அனுமதி உண்டு. இளவயதில் இவர் தன் மாவட்டத்துக்காக ஆடி, நாட்டின் பெரிய கிண்ணத்தை வென்றவர். ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடியது. அடுத்த வருடமே முழங்கால் போய்விட்டது. தூக்கியவர்கள் இறக்கிவிட்டார்கள். அவர் ஜெர்மனிக்கு வந்து எங்களோடு பானை கழுவினார்.

சமையலறையில் முக்கால்வாசிப் பேர் யாழ்ப்பாணத்தவர்கள். அதனால் ஜெர்மன் மொழிக்கு முன்பே அவருக்குத் தமிழ் வந்துவிட்டது. வயது வித்தியாசம் பாராமல் எல்லோரும் அவருக்கு அண்ணை.

"அண்ணை, அந்தக் கடைசி ஆட்டம் சொன்னனானோ?"

"ஓம், நேற்றும் சொன்னனீங்கள்."

"நேற்று முதல் பாதி. இண்டைக்கு ரெண்டாம் பாதி."

சொல்வதோடு நிற்க மாட்டார். உருளைக்கிழங்கை இடக்கையால் மேலே போட்டு, அகப்பையால் ஓர் அடி அடிப்பார். அது மூலையில் இருக்கும் அண்டாவுக்குள் போய் விழும். ஒருநாள் குறி தப்பித் தலைமைச் சமையல்காரரின் தொப்பியைக் கழற்றியது. மட்டையர் இரண்டு கைகளையும் உயர்த்தியபடி நொண்டி நொண்டிச் சமையலறையைச் சுற்றி வந்தார்.

சொந்த மட்டையைக் கைக்குழந்தை மாதிரி எங்கும் கொண்டுபோவார்; மட்டையர் என்ற பெயரே அதனால் நாங்கள் வைத்ததுதான். ஊன்ட்றொப் அம்பாள் கோயிலில் புதுக்கார் வாங்கியவர்கள் பூசைக்கு நிற்க, இவரும் மட்டையோடு வரிசையில் நின்றார். கார்ச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வந்த ஐயர், சிரித்துக்கொண்டே மட்டைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்.

"சில்லுக்கு வைக்கிற தேசிக்காய் எனக்கில்லையோ, ஐயா?"

கேட்டு வாங்கிய தேசிக்காயை அங்கேயே அடிக்கப் போனவரை நாங்கள் மடக்கிப் பிடித்தோம்.

இத்தனை பகிடிக்கும் அடியில் ஓர் ஏக்கம் இருந்தது. முழங்கால் போனபின் எந்த அணியும் அவரைக் கூப்பிட்டதில்லை. கோடை விழாவில் பீலெஃபெல்ட் நகரத் தமிழரோடு மென்பந்துக் கிரிக்கெட் ஆட எங்களுக்கு ஓராள் குறைந்தபோது, அவர் எங்கள் கப்டன் ராசனின் முன்னால் வந்து நின்றார்.

"அண்ணை, என்னை எடுங்கோ. ஒருக்கா உள்ளுக்குப் போய் நிண்டாப் போதும்."

"உங்களால ஓட ஏலாதே?"

"ஓட வேண்டிய மாதிரி நான் அடிக்கமாட்டன்."

ராசன் அவரைச் சேர்த்துக்கொண்டார். விழாக் கிண்ணம் எங்கள் கைக்கு வர இன்னும் நான்கு ஓட்டங்கள் வேண்டியிருந்தன. கடைசி ஆளாக மட்டையர் இறங்கினார். பந்து குத்தி எழும்பியது. அவர் அதை இடக்கையால் அழகாகப் பிடித்தார். மேலே போட்டார். அடித்தார். பந்து எல்லையைத் தாண்டி, மரங்களைத் தாண்டி, பக்கத்துத் தோட்டத்தில் ஒரு ஜெர்மன்காரரின் தக்காளிப் பாத்திக்குள் போய் விழுந்தது.

பந்தைக் கையால் பிடித்ததற்கு அவுட் என்று நடுவர் விரலைத் தூக்கினார். மட்டையர் அதைப் பாராட்டு என்று நினைத்துத் தானும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

கிண்ணம் போய்விட்டது. கத்துவதற்காகவே ராசன் மைதானத்துக்குள் ஓடினார். அங்கே மட்டையர் கண் கலங்கி நின்றார்.

"கண்டனீங்களோ அண்ணை, எவ்வளவு தூரம் போனது?"

ராசன் கோபத்தை விழுங்கிக்கொண்டார். "கண்டனான். இவ்வளவு தூரம் இங்கை ஒருத்தரும் அடிக்கேல்லை."

கிண்ணம் வென்ற பீலெஃபெல்ட்காரர்களே அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள்.

போன வருடம் மட்டையர் தன் ஊருக்கே திரும்பிவிட்டார். இந்தக் கோடையிலும் எங்களுக்கு ஓராள் குறைந்தது. பீலெஃபெல்ட்காரர்கள் தங்கள் ஆள் ஒருவரைத் தருவதாகச் சொன்னார்கள்.

"வேண்டாம். எங்கட ஆள் இருக்கிறார். இண்டைக்கு வரேல்லை, அவ்வளவுதான்," என்றார் ராசன்.

பத்துப் பேராய் ஆடித் தோற்றோம். தோல்வி ஒருவருக்கும் உறைக்கவில்லை. மனம் அவரைத்தான் தேடியது.