மூக்கோரம் பார்க்கும் அத்தான்

நீங்கள் மனம்விட்டுப் பேசிக்கொண்டிருப்பீர்கள். வேலையில் நடந்த அநியாயம், வாடகையை ஏற்றிய வீட்டுக்காரர், விடாத முதுகுவலி, எதுவாகவும் இருக்கலாம். எதிரே இருப்பவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்பார். ஆனால் அவர் பார்வை உங்கள் கண்ணில் இருக்காது, மூக்கோரத்தில் இருக்கும். எல்லாவற்றையும் கொட்டி முடித்துவிட்டு, ஆறுதலாக ஒரு வார்த்தை வராதா என்று நீங்கள் காத்திருக்கும்போது அவர் வாயைத் திறப்பார்.

"செத்த செல் ஏகத்துக்குச் சேர்ந்திருக்கு. நீங்க தேய்க்கிறதே இல்லையா?"

இந்த இனத்துக்குத் தேய்ப்பாளர் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. எப்போதோ ஒருமுறை இவருடைய முகத்துக்கு ஏதோ ஒன்று ஒத்துக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். அன்றிலிருந்து உலகத்தில் உள்ள அத்தனை முகமும் அவருக்குத் தன் முகம்தான்.

எனக்கு நெருக்கமாகத் தெரிந்த தேய்ப்பாளர் ஒரு பெயிண்ட் கடைக்காரர். அவருடைய மச்சினி கடைக்கு வந்து "அத்தான், அத்தான்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வாடிக்கையாளர்களுக்கும் அவர் அத்தானாகிவிட்டார். தங்கமான மனுஷர். எண்ணெய் வழியும் கெட்டித் தோல். வால்நட் ஓட்டைப் பொடித்துச் செய்த ஸ்கிரப் ஒன்றை யாரோ கொடுக்க, அதைப் போட்டுத் தேய்த்ததில் மூக்கிலிருந்த கரும்புள்ளிகள் போய்விட்டன. போனது கரும்புள்ளி மட்டுமா? எங்கள் நிம்மதியும்தான். சுவருக்குக் கலர் பார்க்க வந்தவர்களையெல்லாம் சுவரில் பூசுகிற பட்டி டப்பாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, முகத்துக்கு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்.

"சுவரோ மூஞ்சியோ, அடியைத் தேய்க்காம மேல எதைப் பூசினாலும் நிக்காது" என்பது அவர் கொள்கை.

ஒன்றும் தெரியாமல் பேசுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். எண்ணெய்த் தோலுக்கு எந்த ஆசிட், வறண்ட தோலுக்கு எது, பரு இருக்கும்போது ஸ்கிரப் குருணை ஏன் படவே கூடாது, தொட்டால் சிவக்கிற தோலென்றால் ஏன் மெல்லிய ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், தேய்த்த பிறகு வெயிலில் ஏன் சும்மா திரியக் கூடாது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். நெற்றியில் டிஷ்யூ பேப்பரை ஒற்றி, கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கன்னத்தைக் கிள்ளி, தாடையைத் திருப்பி, கண்ணை மூடி யோசித்து, கடைசியில் மருந்து சொல்வார். என்ன மருந்து? அதே வால்நட் ஸ்கிரப்.

"எனக்கு வறண்ட தோலாச்சே அத்தான்?"

"அப்போ இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்ங்க."

இதுவரை சிரித்துவிட்டுப் போய்விடலாம். அந்த மச்சினிக்கு டிவியில் செய்தி வாசிக்க ஆசை. எத்தனையோ வாசல் ஏறி இறங்கி, கடைசியாக ஓர் இடத்தில் கேமரா டெஸ்டுக்குக் கூப்பிட்டார்கள். அவளுக்கோ காற்று பலமாக அடித்தாலே கன்னம் சிவந்துவிடும். அத்தானுக்கு அவள் மேல் உயிர். விடுவாரா?

"கேமரா பொல்லாததும்மா. ஒரு துளை விடாமக் காட்டிடும்."

"எனக்குச் சென்சிடிவ் ஸ்கின் அத்தான். ஒத்துக்காது."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

இவ்வளவு பாசமாகச் சொல்கிறவரிடம் எப்படி மாட்டேன் என்பது? காலையில் ஸ்கிரப் போட்டுத் தேய்த்தாள். போதாது என்று சாயங்காலம் மேல்தோலை உரித்தெடுக்கும் ஆசிட் பீல் ஒன்றையும் வாங்கிக்கொண்டு வந்தார் அத்தான். மறுநாள் ஸ்டூடியோவில் மேக்கப் போடுகிற பெண்மணி அவள் முகத்தைப் பார்த்தார். திறந்த பெட்டியை மூடினார். "இதுமேல நான் எதை வைக்கிறது? ஆறட்டும். அடுத்த வெள்ளிக்கிழமை வரச் சொல்றாங்க. அதான் கடைசி வாய்ப்பாம்."

தோல் டாக்டர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். "இதைத் தவிர எதையும் போடாதீங்க. சும்மா விட்டாலே சரியாயிடும்."

சும்மா விடுவதா? ஒரு குடும்பத்தைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? அக்காள்காரி புருஷனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். "உங்களுக்கு எருமைத் தோல். அவளுக்கும் அதேவா?" வாங்கி முடித்த கையோடு உள்ளே போய்த் தேனை எடுத்துவந்து தங்கையின் கன்னத்தில் தடவினாள். அம்மா வெள்ளரிக்காயை அரைத்தாள். சவரம் செய்வதற்கன்றிக் கண்ணாடி பார்த்தே அறியாத அப்பா, படிகாரத்தைத் தேடி எடுத்துவந்தார். எதிர்வீட்டுக்காரி உருளைக்கிழங்குச் சாறோடு வந்தாள். இதில் விசேஷம் என்னவென்றால், ஒவ்வொருவரும் "அவர் பேச்சைக் கேட்டிருக்கவே கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் தடவினார்கள். சிவப்பு குறையவில்லை. கூடுதலாகச் சொறி வந்து சேர்ந்தது.

அன்றைக்கு அவள் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே ஆளுக்கொரு கிண்ணத்தோடு எல்லோரும் நின்றார்கள். வரிசையின் கடைசியில் அத்தான், முகம் தொங்கிப்போய். "இந்தத் தடவை தேய்க்கவே வேண்டாம்மா. ஒரு சொட்டு வச்சாப் போதும்."

உள்ளே அவள் செய்தி வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். "எனக்கு இந்த வேலை வேணும். என் மூஞ்சியை எங்கிட்டயே விட்டுடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்." கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அழுதுகொண்டே சொன்னாள்.

ஐயோ பாவம் என்று உச்சுக்கொட்டுகிறீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. இருந்தாலும் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். இத்தனை பேர் இத்தனையைத் தடவினார்களே, கற்றாழை என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று உங்கள் நாக்கு நுனிவரை வந்துவிட்டதல்லவா? உங்களுக்கு அது நன்றாக ஒத்துக்கொண்டதல்லவா?

தெரியும். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போங்கள். வெள்ளிக்கிழமை அவளுக்குக் கேமரா டெஸ்ட்.