எல்லாருக்கும் பொது, சாவி மட்டும் என்னிடம்

மனிதர்களில் ஒரு வகை உண்டு. ஒரு பொருளைத் தனக்கென்று வைத்துக்கொண்டு அனுபவிக்க இவர்களுக்குத் தெரியாது. அதை எல்லாருக்கும் பொதுவாக்கிவிட்டு, சாவியை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டால்தான் இவர்களுக்குச் சாப்பிடும் ஃபூஃபூ உருண்டை தொண்டையில் இறங்கும். முன்பெல்லாம் இந்த வகையினர் சங்கச் செயலாளராகவும் தேவாலயப் பாடகர் குழுவின் தலைவராகவும் உலவினார்கள். இப்போது ரவுட்டருக்குப் பின்னால் ஒரு ஹார்ட் டிஸ்கைச் செருகி, வீட்டுக்குள்ளேயே அரசாங்கம் நடத்துகிறார்கள். நம்பவில்லையா? எங்கள் ஊர் குமாசிக்கு வாருங்கள். பல குடும்பங்கள் ஒரே முற்றத்தைச் சுற்றி வாழும் எங்கள் வளவில், முற்றத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் அஜபோங்கைக் காட்டுகிறேன்.

டிஸ்க் வந்த கதையே தனி. எங்கள் ஊரில் புதுச் சாமானை யாரும் மதிப்பதில்லை. ஐரோப்பாவில் எவனோ வருஷக்கணக்கில் பயன்படுத்தி, அலுத்துப்போய், கழித்துக்கட்டியதாக இருக்க வேண்டும். அதுதான் உறுதியான சாமான். குளிர்பெட்டியானாலும் சரி, இஸ்திரிப்பெட்டியானாலும் சரி, கால்சட்டையானாலும் சரி, இதுதான் விதி. அஜபோங்கும் கெஜெட்டியா சந்தையில் அப்படியொரு டிஸ்கைத் தேடிப்பிடித்து, "ஜெர்மன்காரன் வச்சிருந்தது, சாகவே சாகாது" என்று வளவு முழுக்கக் காட்டினார். சாகாத சாமானை ஜெர்மன்காரன் ஏன் விற்றான் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றே வீட்டில் கூட்டம் கூட்டினார். கூட்டமென்றால், அடுப்படியில் நிலக்கடலைச் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்த மனைவி செர்வா, கல்லூரியிலிருந்து அப்போதுதான் வந்த மகள் ஆஃப்ரியே, அவ்வளவுதான்.

"இனிமே போட்டோ, பாட்டு, படம் எதுவும் போன்ல இருக்கக் கூடாது. எல்லாம் டிஸ்குல. யாரு வேணா எங்க உக்காந்தும் பாத்துக்கலாம்."

எவ்வளவு தாராளம்! சொன்னதோடு நிற்காமல், இருவர் போனையும் வாங்கி, எல்லாவற்றையும் டிஸ்குக்கு ஏற்றி, போனில் இருந்ததைத் தன் கையாலேயே துடைத்தார். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டார். மறுநாள் முதல் செர்வாவுக்கு ஒரு பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் முதலில் "எதுக்கு?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆஃப்ரியே தன் சொந்தப் பாடக்குறிப்பைத் திருத்தப் போனபோது, "உனக்குப் பாக்க அனுமதி இருக்கு, மாத்த அனுமதி இல்ல" என்றார். இப்படிப் பேசுகிறவரையும் அவள் அப்பா என்றுதான் கூப்பிட வேண்டியிருக்கிறது, பாவம்.

படம் நடுவில் நின்றால், "யாரோ எதையோ தொட்டிருக்கீங்க." படம் ஓடினால், "பாத்தீங்களா, நான் வச்ச ஏற்பாடு." கரண்ட் போய் வரும்போதெல்லாம் வளவே கைதட்டி ஆரவாரம் செய்யும், எல்லா வீட்டிலும் எல்லா சாமானும் ஒரே மூச்சில் உயிர்பெறும், அப்போது கரண்ட் எகிறிப் போடும் அடியை எல்லாம் ஜெர்மன் டிஸ்க் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தது.

அப்படியிருக்கும்போதுதான் செர்வாவின் அம்மா இறந்துபோனார். இறந்த ஒரு வாரத்தில் உறவெல்லாம் கூடி உட்காரும் நாளுக்கு, வாசலில் இறந்தவர் முகத்தோடு ஆளுயரப் பேனர் தொங்க வேண்டும். முகமில்லாத வாசலில் எந்த உறவு வந்து உட்காரும்? ஈஸ்டருக்குக் கென்டேத் துணியில் தைத்த உடுப்போடு அம்மா வாய்விட்டுச் சிரித்த படம் ஒன்று இருந்தது. செர்வாவே எடுத்தது. அதைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். அது எங்கே இருந்தது என்று நான் சொல்லவும் வேண்டுமா?

பேனர் அடிக்கக் கொடுக்க வேண்டிய நாளில் கரண்ட் போனது, வந்தது, போனது, வந்தது. டிஸ்கிலிருந்து டக், டக் என்று சத்தம்.

"யோசிக்குது" என்றார் அஜபோங்.

"என்னங்க யோசிக்குது? எனக்கு எங்கம்மா முகம் வேணும். பேனர்காரன் கடைய மூடிட்டுப் போயிருவான்."

"அவசரப்படுத்தாத. ஜெர்மன் சாமான்."

தட்டினார். குலுக்கினார். வாயால் ஊதினார். சாகாத சாமான் செத்துப்போயிருந்தது. செர்வா தன் வெறும் போனையே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்த மனிதரை முற்றத்து உரலில் போட்டு இடிக்கலாம் போல் ஆத்திரம் வந்தது.

சத்தம் கேட்டு, வாசலோரம் தையல் கடை வைத்திருக்கும் மேடம் டூஃபி, கழுத்தில் அளவு நாடாவோடு வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தன் போனை நீட்டினார்.

"இந்தப் படமாம்மா, பாரு."

அதேதான். கென்டே, சிரிப்பு, எல்லாம்.

"கழுத்து வேலைப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சு. தைக்க வர்றவங்களுக்குக் காட்டலாம்னு எடுத்து வச்சேன்."

"எங்கேருந்து எடுத்தீங்க?" என்றார் அஜபோங்.

"உங்க டிஸ்குலேருந்துதான். வளவே அதுலதான படம் பாக்குது?"

நடந்தது இதுதான். பெண்டாட்டிக்கும் மகளுக்கும் பூட்டுமேல் பூட்டாகப் போட்டவர், விருந்தாளிகளுக்கென்று தனியாக வைத்திருந்த வைஃபையைப் பூட்ட மறந்துவிட்டார். அந்த வழியாகப் போனால் பாஸ்வேர்டே கேட்காமல் எல்லாமே திறந்து கிடந்திருக்கிறது.

நீங்களும் நானுமாக இருந்தால் மேடம் டூஃபியின் காலில் விழுந்திருப்போம். அஜபோங் என்ன கேட்டார் தெரியுமா?

"என் அனுமதி இல்லாம எப்படி எடுக்கலாம்?"

செர்வா அம்மாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஆஃப்ரியே அப்பா, ஒவ்வொண்ணுக்கும் உங்ககிட்ட அனுமதி கேட்டவ நான். கேக்காதவங்ககிட்டதான் எங்கம்மா இருக்காங்க."

பேனர் தொங்கியது. உறவெல்லாம் வந்து உட்கார்ந்தது. அஜபோங் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? இப்போது இரண்டு டிஸ்க் வைத்திருக்கிறார். ஒன்று போனால் இன்னொன்றாம். இரண்டின் பாஸ்வேர்டும் அவரிடம்தான்.

சிரிக்கிறீர்கள். நல்லது. சிரித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, அவர்கள் அம்மாவின் படம் ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றால், அஜபோங்கைப் பார்க்க நீங்கள் குமாசி வரைக்கும் வர வேண்டியதில்லை.