மேசையில் ஒரு முடி

அப்ரிச்சேனா,
மே மாதம் 14

அன்புள்ள மைத்துனன் பிரிமியானோவுக்கு,

உன் அத்தான் நசாரியோ எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா அசுந்தா, உன் மருமகள் தொனாத்தா, சமையலறை மேசை ஆகிய நால்வரும் நலம். இதில் மேசையின் நலத்தைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. அங்கே ஜெர்மனியில் நீயும் உன் முதுகுவலியும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் சமையலறையில் இருக்கிறது, உன் அக்காவும் சமையலறையில் இருக்கிறாள், நான் சொல்லப்போவதும் அதே சமையலறையில் நடந்தது. ஆகவே கடிதம். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

எங்கள் மகள் தொனாத்தா, தான் பாடம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு வாத்தியார் ஒருவனைப் பிடித்து வைத்திருக்கிறாள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். பையன் பெயர் தூலியோ. நல்ல பையன்தான், மெலிந்த உடம்பு, மரியாதையான பேச்சு. எந்த ஊர் என்று கேட்டேன். குரலைத் தாழ்த்தி "கர்ராரா" என்றாள். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டேன். இன்னும் தாழ்த்தி "குவாரி" என்றாள். மாட்டிக்கொண்டேன் மச்சான். ஒரு மீன்காரரோ போலீஸ்காரரோ சம்பந்தியாக வந்தால் நம் ஊர்க் குவாரிக் கல்லைக் காட்டியே வாயடைத்திருப்பேன். உலகத்துக்கெல்லாம் வெள்ளைப் பளிங்கு அனுப்பும் ஊரில் நாற்பது வருஷம் குவாரியில் நின்றவரிடம் நான் எதைக் காட்டுவது? நம் கல்லைப் பார்த்து அவர் வாய்தவறி "இது பளிங்கே இல்ல, சுண்ணாம்புக்கல்" என்று சொல்லிவிட்டால்? அது உண்மைதான் என்பது வேறு விஷயம். உண்மையை விருந்தாளி சொல்லக்கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் அப்பாவும் மகனும் வந்து இறங்கினார்கள். அவர் பெயர் லீபெரோ. மனைவி இல்லை, காலமாகி ஆறு வருஷம். அவருடைய தகப்பனார் சாமியும் வேண்டாம் சர்க்காரும் வேண்டாம் என்ற கட்சியாம், காலண்டரில் இருக்கும் ஒரு புனிதரின் பெயரும் என் மகனுக்கு வேண்டாம் என்று 'சுதந்திரமானவன்' என்று பொருள்படும் இந்தப் பெயரை வைத்துவிட்டாராம். புனிதரின் திருநாளில்தானே அந்தப் பெயர்க்காரரை வாழ்த்துவோம், அதனால் உன் அக்காவுக்கு முதல் நாளிலிருந்தே இதுதான் கவலை. "பெயர்த் திருநாளே இல்லாத மனுஷனுக்கு என்னைக்கு வாழ்த்து சொல்றது?" என்று இரண்டு தடவை கேட்டாள். இன்னொன்று, வெடி வைத்து வைத்து அவருக்குக் காது அநேகமாகப் போய்விட்டது. நாம் பேசுவது கேட்காது, அவர் பேசுவது அடுத்த தெருவுக்கும் கேட்கும். ரயிலைவிட்டு இறங்கியதும் நான் கையை நீட்டினேன். அவர் என் கையைப் பிடிக்கவில்லை. குனிந்து, நடைமேடையின் ஓரக்கல்லை விரல் முட்டியால் தட்டினார். தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "பாடுது!" என்று கத்தினார். பழுதில்லாத கல் தட்டினால் மணிபோல ஒலிக்குமே, அதைச் சொன்னார். அப்புறம்தான் கையைப் பிடித்தார். மனிதர் பேச்சு கேட்காத ஆளுக்குக் கல்லின் பேச்சு மட்டும் முட்டி வழியாக ஏறிவிடுகிறது என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். புரிந்ததும் வீட்டு ஞாபகம் வந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் தட்டக்கூடாத கல் ஒன்று இருக்கிறது அல்லவா?

ஸ்டேஷனிலிருந்து வீடு கால் மணி நேரம். எங்களுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பழைய தெருவில் ஒரு நிலைக்கல்லைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. நிலைக்கல்லைத் தட்டினால் என்ன ஆகும்? கதவு திறக்கும். மூலைவீட்டு இம்மகொலாத்தா அம்மாள் எட்டிப் பார்த்து, "யாருப்பா அது, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, எங்க சம்பந்தி உங்க நிலைக்கல்லைப் பாக்கறார்" என்றேன். "பாக்கறதுக்கு எதுக்குத் தட்டணும்?" என்றாள். நியாயமான கேள்வி. அதற்குள் இவர் கல்லைத் தடவிக்கொண்டே, "அருமையா பாடுது! இந்த வயசுலயும் என்ன குரல்!" என்று கத்திவிட்டார். அந்த அம்மாள் தேவாலயப் பாட்டுக்குழுவில் முதல் வரிசை என்பது உனக்கு நினைவிருக்கும். "நான் பாடறது கர்ராரா வரைக்கும் தெரிஞ்சிருக்கா?" என்று முகம் சிவந்து உள்ளே போனவள், பூசைக்கு உதட்டுச்சாயத்தோடு போனாளாம். இப்படி ஏழு கதவுகள். நாங்கள் வீட்டுப் பக்கம் திரும்பும்போது எங்கள் பின்னால் நாலு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எனக்குப் பெருமை தாங்கவில்லை. தட்டிய கல் எல்லாம் பாடியது. பிரபு மாளிகைச் சுவருக்கு வந்ததும் அவர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தையே சுவரில் வைத்துக்கொண்டார். பூசை முடிந்து வெளியே வந்த சனமெல்லாம் சுவரைக் கட்டிக்கொண்டு நிற்கும் ஆளை வேடிக்கை பார்த்தது. தூலியோ, "அப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று அவர் காதில் கத்தினான். "பாக்கட்டும்டா! இதை வெட்டினவனுக்கு உளியைவிடக் காது கூர்மை!" என்றார். நான் முப்பத்தைந்து வருஷம் குவாரியில் இந்தக் கல்லை அளந்தவன், அந்த மாளிகையை ஒருநாளும் அப்படித் தொட்டதில்லை. பிறகு வீட்டு வாசலில் பைகளை மட்டும் வைத்துவிட்டு, உள்ளே நுழையாமலே குவாரிக்குக் கூட்டிப் போனேன். காவல்காரர் நமக்கு வேண்டியவர், வேலிக்கதவைத் திறந்துவிட்டார். கோதுமை வயல் அப்படியே வந்து குழியின் விளிம்பில் நிற்கும் அந்த இடம் உனக்குத் தெரியும். தேவாலய வாசலில்கூடத் தொப்பியைக் கழற்றாத மனுஷன், அந்த விளிம்பில் நின்று தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அப்புறம் முதல்முறையாக மெதுவான குரலில் சொன்னார்: "நாங்க மலை மேலேருந்து கல்லை இறக்கறோம், சம்பந்தி. அது வரவேண்டியது தானா வந்துடும். நீங்க இந்தப் பள்ளத்துலேருந்து ஏத்திருக்கீங்க. ஒவ்வொரு கல்லையும் ஏத்திருக்கீங்க." என்னைச் சம்பந்தி என்று அழைத்தார் மச்சான். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேன். அன்று காற்றே இல்லை.

அதோடு ஊருக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை. மதியச் சாப்பாடு பாக்கி இருந்தது, சாப்பாடு என்றால் மேசை. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், நீ ஜெர்மனிக்குக் கிளம்பிய வாரம், நானே தேர்ந்தெடுத்து அறுத்த பலகைக்கல். அலை அலையாகப் பழுப்புக் கோடு ஓடும் கல், உன் அக்காவுக்கு என் பரிசு. நாம் இருவரும் அதை வாசலில் இறக்கினோம். அப்போது தெருவில் குவாரி இன்ஜினியர் போனார், நான் அவருக்கு வணக்கம் சொன்னேன், அந்த நேரம் பார்த்து நீ உன் பக்கத்தை நழுவ விட்டாய். உன் விரல் நழுவியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. குறுக்கே ஒரு விரிசல். அக்கா பக்கத்து வீட்டில் தக்காளி காயவைக்கப் போயிருந்ததால் பிழைத்தோம். பசையும் கல்தூளும் குழைத்து அடைத்து, மெழுகு தேய்த்து, விரிசலை அந்த அலைக்கோட்டோடு சேர்த்துவிட்டோம். நீ அழுதாய். சாகும்வரை சொல்ல மாட்டேன் என்று நான் சத்தியம் செய்தேன். அன்றிலிருந்து அந்த மேசைமேல் கனமான பாத்திரத்தை உன் அக்கா வைக்க நான் விட்டதில்லை, நானேதான் தூக்கி வைப்பேன், நானேதான் துடைப்பேன். எந்தக் கண்ணும் அதைக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு விரல் முட்டி வந்து கண்டுபிடிக்கும் என்று நான் நினைத்தேனா?

அதனால் வீட்டுக்குள் நுழைந்ததும் மேசைமேல் இரண்டு விரிப்புகளைப் போட்டேன். "மே மாசத்துல மேசைக்குக் குளிருதா?" என்றாள் அசுந்தா. விரிசல் ஓடும் வழியெல்லாம் ரொட்டியையும் எண்ணெய்க் குப்பியையும் பாலாடைக்கட்டியையும் வரிசையாக நிறுத்தினேன். சம்பந்தி தங்கள் ஊர் வழக்கப்படி பளிங்குத் தொட்டியில் ஊறப்போட்ட பன்றிக்கொழுப்பைக் கொண்டுவந்திருந்தார், அதையும் வாங்கி விரிசல்மேலேயே வைத்தேன். அசுந்தா ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றிய பாஸ்தாவை அவர் முன்னால் வைத்தாள். அவர் தட்டைப் பார்த்துச் சிரித்தார். ஒரு கையில் முள்கரண்டியை எடுத்தார். இன்னொரு கை மேசைக்கு அடியில் போனது. அடியில் விரிப்பு இல்லையே மச்சான்! டொக். தலை சாய்ந்தது. டொக், டொக். சிரிப்பு போனது. வீடே அதிர, "சம்பந்தி! இதுல ஒரு முடி இருக்கு!" என்றார்.

முடி என்றால் நம் தொழிலில் என்ன என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். கல்லுக்குள் ஓடும் மெல்லிய விரிசல். ஆனால் சாப்பாட்டு நேரத்தில், தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு விருந்தாளி முடி என்றால் அது வேறு முடி. அசுந்தா கரண்டியோடு நின்றாள். "எதுல?" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. "நல்ல நீளம்! ஒரு முழத்துக்குக் கம்மியில்ல!" என்றார். தூலியோ முகமெல்லாம் சிவந்து அப்பாவின் தட்டைக் கிளறி, "நான் எடுத்துடறேன்பா, நீங்க பேசாம சாப்பிடுங்க" என்று அவர் காதில் சொன்னான். "எடுக்கறதா? எப்படிடா எடுப்ப? இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்குப் போகுது!" என்றார் சம்பந்தி. உன் அக்கா தலைத்துணியை அவிழ்த்தாள். "எல்லாரும் பாருங்க. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமா இதைக் கட்டாம நான் அடுப்புக்கிட்ட போனதில்ல. என் சமையல்ல முடியா?" என்றாள். நான் வேறு வழி தெரியாமல், "அது என் முடியா இருக்கும்" என்றேன். எல்லோரும் என் தலையைப் பார்த்தார்கள். கடைசி முடி உதிர்ந்து பதினைந்து வருஷம் ஆன தலை. வீட்டுக்குள் இருந்ததால் தொப்பிகூட இல்லை.

"தொனாத்தா, தட்டை எடு. வந்த முதல் நாளே சாப்பாட்டுல குத்தம் சொல்ற குடும்பத்துக்கு என் பொண்ணு போகமாட்டா" என்றாள் அசுந்தா. தொனாத்தா தட்டை எடுக்கவில்லை, என்னைப் பார்த்தாள். தூலியோ எழுந்து நின்றுவிட்டான். ஒரு சொல் சொன்னால் தீர்ந்துவிடும். சொன்னால் இருபத்திரண்டு வருஷத்துச் சத்தியமும் உன் மானமும் போய்விடும். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், மூன்று நிமிஷம் நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் என் மகளின் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விரிப்பில் விழுந்தது, என்னால் முடியவில்லை. தட்டுகளைத் தள்ளி, இரண்டு விரிப்புகளையும் உருவிப் போட்டேன். "அசுந்தா, முடி சாப்பாட்டுல இல்ல. கல்லுல இருக்கு. உன் தம்பி கீழ போட்டான், நாங்க ரெண்டு பேரும் அடைச்சோம்" என்றேன்.

லீபெரோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து தேடினார். கிடைக்கவில்லை. நகத்தால் கீறிப் பார்த்தார். கிடைக்கவில்லை. "எத்தனை வருஷம்?" என்றார். நான் விரலால் காட்டினேன். "இருபத்திரண்டா! இதுமேல மாவு பிசைஞ்சு, கறி வெட்டி, இருபத்திரண்டா! எங்க பளிங்கா இருந்தா ரெண்டாவது கிறிஸ்துமஸுக்கே ரெண்டு துண்டு. முடியோட நிக்கிற கல்லை இப்பதான் பாக்கறேன், சம்பந்தி. இது என்ன கல்லு!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். சுண்ணாம்பு என்ற சொல்லே வரவில்லை. பிறகு நடந்ததையெல்லாம் தூலியோ அவர் காதில் கத்திச் சொன்னதும் பதறிப்போய், "அய்யோ, நான் சாப்பாட்டைச் சொல்லவே இல்லையேம்மா!" என்று மூன்று தட்டு சாப்பிட்டார். கல்யாணம் செப்டம்பரில். பெண்ணும் மாப்பிள்ளையும் அந்த மேசையில்தான் உட்கார வேண்டுமாம், முற்றத்துக்கு இறக்க வேண்டும் என்பது சம்பந்தியின் கட்டளை.

எல்லாம் சுபம், உன் அக்கா மட்டும் என்னோடு பேசுவதில்லை. அன்று, "என் தம்பியா? என் தம்பியா கீழ போட்டான்?" என்று ஒருமாதிரியான முகத்தோடு கேட்டாள், அவ்வளவுதான். எனவே இதைப் படித்ததும் அவளுக்கு நாலு வரி எழுதி, தவறு முழுவதும் உன்னுடையது என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேள். நான் உனக்காக இத்தனை வருஷம் வாயை மூடியவன், எனக்காக நீ இதைச் செய்ய மாட்டாயா?

உன் முதுகு நிமிர்ந்திருக்க, உன் வேலை நிலைத்திருக்க, நம் ஊர் மாதா துணையிருக்கட்டும். கடிதத்தை நன்றாக ஒட்டியிருக்கிறேன், அசுந்தாதான் தபாலில் போடப் போகிறாள், பயம் வேண்டாம்.

அன்புடன்,
உன் அத்தான்
நசாரியோ

பி.கு.: தம்பி, இது அக்கா. உன் அத்தான் நன்றாகத்தான் ஒட்டியிருந்தார், பாஸ்தா வேகும் ஆவியில் ஒரு நிமிஷம் காட்டினேன், திறந்துகொண்டது. குவாரிக்காரனுக்கு மகளாகப் பிறந்து குவாரிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு முடி என்றால் என்னவென்று தெரியாதா? தெரிந்துதான் தலைத்துணியை அவிழ்த்தேன். இந்த மனுஷன் என்னை எவ்வளவு நேரம் தனியாக நிற்கவிடுவார் என்று பார்த்தேன். மூன்று நிமிஷம் என்று எழுதியிருக்கிறார். நாலு. அன்றைக்குத் தக்காளியைப் பக்கத்து வீட்டு மாடியில்தான் காயவைத்தேன், அங்கிருந்து நம் வாசல் நன்றாகத் தெரியும். இன்ஜினியர் போனார், உன் அத்தான் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னார். தொப்பியைக் கழற்ற ஒரு கை வேண்டும், அந்தக் கை மேசையில் இருந்த கை. உன் விரல் நழுவவே இல்லை. செய்யாத தப்புக்காக இத்தனை வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய சாக்லேட்டை வாயைத் திறக்காமல் தின்றதற்கு அக்காவை மன்னித்துவிடு. நான் சொல்லியிருந்தால் அவர் ஒரு நாள் வெட்கப்பட்டிருப்பார், சொல்லாததால் இருபத்திரண்டு வருஷம் பாத்திரம் தூக்கினார், மேசை துடைத்தார். நீ அவர் கேட்டபடியே மன்னிப்புக் கடிதம் எழுது, நானும் பெரிய மனசோடு மன்னித்துவிடுகிறேன். செப்டம்பரில் வந்து மேசையில் உன் மூலையைப் பிடி. இந்தத் தடவை அவர் தலையில் தொப்பி இல்லாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.