கிருமிப் போடியார் காத்த துடக்கு

இந்த உலகத்தில் கிருமிகள் செத்ததற்குத் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, காத்த ஒரே மனிதர் எங்கள் கிருமிப் போடியார்தான். நிறைய வயல் வைத்திருப்பவரைத்தான் எங்கள் பக்கத்தில் போடியார் என்போம். இவருக்கு இருந்ததோ கிணற்றடியில் பரல் என்று நாங்கள் சொல்லும் ஒரு நீலப் பீப்பாய். அதற்குள் புளித்த தண்ணீர், காத்தான்குடிக் கடைகள் கழித்த போன்களின் உடைத்த மின்சுற்றுப் பலகைகள், கோடிக்கணக்கில் கிருமிகள்.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "இதுகள் கந்தகத்தத் தின்னும், மனே. அதுகள் விடுற புளிப்பில செம்பு கரையும். மறுகா இரும்பாணியப் போட்டா, அதில செம்பு ஒட்டிக்கொண்டு வரும்" என்று கண்கலங்க விளக்குவார். தனக்குத் தேநீர் வருமுன் கிருமிகளுக்குக் கந்தகம் வைப்பார். மழைக்குப் பரலைப் போர்வையால் மூடுவார். மனைவி பூரணம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தப் போர்வை கிடைக்கவில்லை. மூன்று மாதத்தில் ஆறு ஆணிகள் சிவந்தன. ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார்.

வைகாசியில், ஆண்டுக்கொருமுறை கோயில் திறந்து நடக்கும் அம்மன் சடங்கு வந்தது. கோயில் கதவு திறக்குமுன் வீடு வளவெல்லாம் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பது வழக்கம். பூரணம் அக்கா எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். பரலைக் கவிழ்த்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, மஞ்சளும் வேப்பிலையுமாகத் தண்ணீர் நிரப்பி வைத்தார்.

போடியார் சத்தம் போடவில்லை. வாசல் படலைக்கு வந்து ஊருக்கு அறிவித்தார்: "எனக்குத் துடக்கு. முப்பத்தொரு நாளைக்குக் கோயில் பக்கம் வரமாட்டன்."

ஊர் ஆடிப்போனது. கடைசி நாளில் அம்மனைக் குளிர்விக்கும் பாட்டை முழுதாகப் பாடத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் ஓடி வந்தார்.

"துடக்கெண்டா சொந்தக்காரர் செத்திருக்க வேணுமே, போடியார்?"

"என்ர கையால கந்தகம் தீத்தி வளர்த்ததுகள். இதவிடச் சொந்தம் வேணுமா?"

"எத்தன பேர் செத்த?"

"எண்ணேலாது, வண்ணக்கர். ஒரு ஊரே போயிற்று."

பூரணம் அக்காதான் கணவர் முன்னால் வந்து நின்றார். "இஞ்சேருங்க, சாக்காட்டினது நான். பழி எனக்குத்தான். சடங்கும் என்னால நிண்டு போனா, நான் எந்த முகத்தோட அம்மனப் பாக்கிற?" முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"அழாத புள்ள" என்று போடியார் எழுந்து, துடக்குக் கழித்துத் தலைமுழுகக் கிணற்றடிக்குப் போனார்.

கடைசி நாள் பாடினார். மழைக்கு, வயலுக்கு, மாட்டுக்கு, வாவி மீனுக்கு என்று வரிசையாக வரம் கேட்டுக்கொண்டு வந்தவர், யாரும் கேட்டிராத ஒரு வரியையும் சேர்த்தார்: "கண்ணுக்குத் தெரியாத சீவனெல்லாம் குளிரவேணும், தாயே."

வண்ணக்கர் திடுக்கிட்டார். இளசுகள் சிரித்தார்கள். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். "ஓம், தாயே" என்றுதான் வந்தது.