பிள்ளையாரை வலம் வந்த பனிச்சறுக்கு

இதை எழுத ஆறு வருடமாக எடுத்து எடுத்து வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் கோயிலில் தேவாரம் பாடுகிறவன் நான். இந்தக் கதை அச்சில் வந்தபிறகு எந்த முகத்தோடு பாடுவது என்ற தயக்கம்தான். இப்போது முகம் பழகிவிட்டது.

எங்கள் மகள் சிந்துவுக்கு ஒரு பொடியனைப் பிடித்துப்போயிற்று. அவர்கள் மதுரைப் பக்கம், இருப்பது மெல்பேர்ணில். நாங்கள் யாழ்ப்பாணம், இருப்பது அதே நாட்டில் இன்னொரு பெருநகரத்தின் ஓரம், டூங்கபியில். பொடியனின் தகப்பன் 'சரி' என்றால் கலியாணம். அவரோ நேரில் பழகிப் பார்க்காமல் வாய் திறக்கமாட்டேன் என்றுவிட்டார். இரண்டு நகரத்துக்கும் நடுவில் பனிமலைப் பூங்கா இருக்கிறது, அங்கே சந்திக்கலாம் என்று பிள்ளைகள் தீர்மானித்தார்கள்.

எனக்குப் பனியில் சறுக்கத் தெரியுமா என்று அவர் தொலைபேசியில் கேட்டார். தெரியும் என்றேன். (மார்கழி மழையில் கோயில் வீதியில் சறுக்கியதைச் சேர்த்தால் அது பொய்யில்லை.)

இது மலையிலிருந்து பாய்கிற சறுக்கு அல்ல. நீளக் கட்டைகளைக் காலில் பூட்டி, இரண்டு தடியை ஊன்றிச் சமதரையில் போவது. கைதேர்ந்தவர்களுக்குக் கறுப்புத் தடம், நடுத்தரத்துக்கு நீலம், என்னைப்போன்ற பாலர் வகுப்புக்குப் பச்சை. என்மேல் இரங்கி அவரும் பச்சையில்தான் இறங்கினார். நான் சப்பாத்தைப் பூட்டி முடிப்பதற்குள் அவர் மூன்று சுற்றுப் போய்விட்டார்.

"அப்பா, ப்ளீஸ், ஒன்றும் செய்யாதேங்கோ. ஜஸ்ட் ஃபாலோ த ஆரோ" என்று சிந்து காதுக்குள் சொன்னாள்.

அம்புக்குறி வலது கைப்பக்கம் காட்டியது. அந்த வட்டத் தடத்தின் நடுவில் ஒரு பெரிய கல். தும்பிக்கை, வயிறு, எல்லாம் அப்படியே பிள்ளையார். அம்புக்குறியின்படி போனால் அவர் என் இடது கைப்பக்கம் வருவார். இத்தனை வருடமும் வலமாகவே சுற்றிய கால்கள் எப்படிக் கேட்கும்? 'விநாயகா' என்று இடதுபக்கம் திரும்பி வலம் வரத் தொடங்கினேன்.

பனியில் தண்டவாளம்போல இரண்டு கோடு வெட்டியிருந்தார்கள். அதில் கட்டை இறங்கினால் என்னைப்போன்றவனுக்கு விலக வராது. எதிரே வந்த வெள்ளைக்காரர்கள் துள்ளி விலகினார்கள். நான் புன்னகைத்துத் தலையாட்டினேன். (வழிவிடுகிறார்கள், நல்ல சனம் என்று நினைத்தேன்.) வளைவு தாண்டியதும் சின்ன இறக்கம். கீழே அதே தண்டவாளத்தில், தன் நாலாவது சுற்றில், சம்பந்தியாகப்போகிறவர்.

நிறுத்துவது எப்படி என்று நான் படித்திருக்கவில்லை.

எழுந்தபோது அவர் கண்ணாடியின் ஒரு கால் என் தொப்பியில் குத்தி நின்றது. "ஏன் சார், அம்புக்குறி பாக்கலையா?" என்று கேட்டார். கலியாணம் குழம்பியதென்று நினைத்தேன். ஆனாலும் பிள்ளையாருக்கு முன்னால் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பார்த்தனான் ஐயா. பிள்ளையாரை இடப்பக்கம் விட்டுச் சுத்த மனம் கேக்கேல்லை."

அவர் உடைந்த கண்ணாடியைக் கண்ணில் பிடித்துக் கல்லை வெகுநேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"அடடா, நான் மூணு சுத்து தப்பா சுத்திட்டேனே. வாங்க, சரி பண்ணிடுவோம்."

இருவரும் எதிர்த்திசையில் ஒன்றரைச் சுற்றுப் போயிருப்போம். பூங்காக் காவலர் (ரேஞ்சர் என்பார்கள்) வந்து பிடித்துவிட்டார். எங்கள் விளக்கத்தை முழுதாகக் கேட்டார், ஒன்றும் விளங்கவில்லை. பனி வண்டியின் பின்னால் இருவரையும் ஏற்றித் திருவிழாச் சுவாமிபோல வாசலுக்குக் கொண்டுவந்தார். சிந்து முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அழாதம்மா," என்றார் அவர், வண்டியில் இருந்தபடியே. "உங்கப்பா பொய் சொல்லத் தெரியாத மனுஷன். எனக்குச் சரி."

(சறுக்கத் தெரியும் என்றதை நான் அப்போது ஞாபகப்படுத்தவில்லை.)

இன்றைக்கும் நானும் சம்பந்தியும் சேர்ந்து கோயில் வீதி சுற்றினால், "ரேஞ்சருக்கு ஃபோன் பண்ணட்டா?" என்று மகள் பின்னாலிருந்து கேட்பாள்.

டூங்கபியில் சிலர் சம்பந்தியின் கால் முறிந்தது என்கிறார்கள். சிலர் பிள்ளையார் பனியில் காட்சி கொடுத்தார் என்கிறார்கள். இரண்டும் இல்லை. இருந்தது கல்லு, கும்பிட்டது நாங்கள், நடந்தது கலியாணம். நாலு பேருக்குச் சொல்லுங்கள், தயவுசெய்து ஒரு சொல்லும் கூட்டாமல்.