பூனை மணல் வாங்குகிறவர்

தோட்டாவைப் பார்சலில் வரவழைத்து, அது தோட்டா என்று ஒருவருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கும் ஓர் இனம் அப்பார்ட்மென்ட்களில் வாழ்கிறது. உங்கள் கட்டடத்தில் இல்லை என்கிறீர்களா? ஒரு சின்ன அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, உள்ளே வெறும் பஞ்சு இருப்பதைப் போலச் சிரித்தபடி, கழுத்து நரம்பு விரல் பருமனுக்குப் புடைக்க ஒருவர் மாடிப்படி ஏறுவதைப் பார்த்ததில்லை? பார்த்திருப்பீர்கள். அவர்தான்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அமெரிக்காவில், ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரத்தில் குழாய் ரிப்பேருக்குப் போய், அடுத்தவர் வீட்டுச் சாக்கடையில் பாதி ஆயுளைக் கழித்து, கடைசியில் சொந்தமாக மூன்று மாடிக் கட்டடமே எழுப்பினேன். லிப்ட் வைக்கவில்லை, எனக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது. குழாயில் காதை வைத்தே அடைப்பு எங்கே என்று சொல்லுகிறவன் நான். குடியிருக்கிறவனைப் பார்த்து, அவன் என்ன மறைக்கிறான் என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

எங்கள் ஊரில் தோட்டா வாங்குவது குற்றமில்லை, வெட்கமும் இல்லை. மான் வேட்டை தொடங்கினால் தேவாலயத்தில் பாதி பெஞ்சு காலி. பாதிரியாரே ஜெபத்தைச் சுருக்கிக்கொண்டு பிக்கப் வண்டியைக் கிளப்பிவிடுவார். என் வாடகை ஒப்பந்தத்தில் நாய்க்குக் கட்டுப்பாடு உண்டு, டிரம்ஸுக்குக் கட்டுப்பாடு உண்டு, தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. பிறகு எதற்கு ஒளிவுமறைவு? அங்கேதான் இந்த இனத்தின் அழகே இருக்கிறது.

எங்கள் கட்டடத்தில் இந்த இனத்துக்கு மாதிரி, மூன்றாம் மாடி வெர்ஜில் ஸ்டாம்பர். பள்ளிக்கூட பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அவர் மறைத்ததற்குக் காரணம் எதிர் வீட்டு விதவை ஆர்லீன் அம்மாள். ஒரு ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தின வாணவேடிக்கையின்போது, "ஐயோ, இந்தச் சத்தம் கேட்டாலே எனக்குப் படபடன்னு வருது" என்று அந்த அம்மாள் நெஞ்சில் கை வைத்தாள். தீர்ந்தது. இவளைத்தான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும், என் வீட்டில் தோட்டா இருப்பது இவளுக்குத் தெரியவே கூடாது என்று வெர்ஜில் அந்த இடத்திலேயே முடிவு கட்டிவிட்டார். தோட்டாவை விட்டுத் தொலைக்கலாமே என்கிறீர்களா? இந்த இனத்தை உங்களுக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை.

கம்பெனிக்காரன் பெயர் போடாத வெற்றுப் பெட்டியில்தான் அனுப்புகிறான். ஆனால் வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். பெட்டி கொண்டுவரும் ரோண்டாவுக்கோ, கடவுள் தொண்டையைக் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்துவிட்டார்.

"வெர்ஜில்! உன் பெட்டி வந்திருக்கு! இறங்கி வாய்யா, என் இடுப்பு போச்சு!"

"மெதுவாப் பேசும்மா. பூனை மணல்தான்."

"பூனை கக்கூஸ் போற மணலா? உன் பூனை என்ன குதிரை சைஸா?"

"ரெண்டு பூனை."

அவரிடம் ஒரு பூனைகூடக் கிடையாது.

மறுநாளே கீழ்வீட்டு டெல்பர்ட் கிண்ணத்தோடு வந்து நின்றான். "எங்க பூனைக்கு மணல் தீர்ந்துபோச்சு, கொஞ்சம் குடுங்க." வெர்ஜில் பின்பக்கமாக இறங்கி ஓடி, கடையில் நிஜ மணல் வாங்கிவந்து கொடுத்தார். போன டெல்பர்ட் திரும்பிவந்து பூனைகளைப் பார்க்க வேண்டும் என்றான். ஆகவே பூனை வந்தது. இரண்டு என்று சொல்லிவிட்டாரே, ஆகவே இரண்டு வந்தன. பூனை மயிர் பட்டாலே மனிதருக்குத் தும்மல். தும்மித் தும்மி மூக்கு சிவந்து, நிஜ மணலை நிஜப் பூனைக்கு வாங்கிவரும்போதும், பழக்க தோஷத்தால் அதைக் கோட்டுக்குள் ஒளித்தே எடுத்துப்போனார்!

தடயம் இருக்கக் கூடாதென்று அட்டைப் பெட்டியைப் பொடிப்பொடியாகக் கிழித்துக் கக்கூஸில் போட்டுத் தண்ணீர் விட்டார் பாருங்கள், அதுதான் சிகரம். குழாய் யாருடையது? என்னுடையது. கம்பியை விட்டு இழுத்தேன். அவருடைய ரகசியம் முழுக்கச் சொதசொதவென்று நுனியில் தொங்கிக்கொண்டு வந்தது. நான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கட்டடத்துக்கே தெரிந்திருந்தது. தெரியாதவள் ஆர்லீன் ஒருத்திதான். ஏன் அவளுக்கு மட்டும் தெரியவில்லை? அதற்கு வருகிறேன்.

இலையுதிர் காலத்தில் ஒரு மழை நாள். நான் படிக்கட்டுக் கைப்பிடியை இறுக்கிக்கொண்டிருந்தேன். ரோண்டா நனைந்த பெட்டி ஒன்றை வாசலில் இறக்கினாள். இந்த முறை ஆர்லீனுக்கு.

"ஜாடி" என்றாள் ஆர்லீன், யாரும் கேட்காமலே. "பீச் பழம் போட்டு வைக்க."

வெர்ஜில் பாய்ந்து வந்தார். "விடுங்க, விடுங்க, நான் தூக்குறேன்."

தூக்கினார். இரண்டாவது படியில் அவர் முகம் மாறியது. கண்ணாடி ஜாடி கிணிங் என்னும். இது சரக் சரக் என்றது. பார்த்தால் சின்னது, தூக்கினால் மலை. ஓக்லஹோமா முழுக்கத் தேடினாலும் அந்தக் கனத்தை அவ்வளவு நன்றாக அறிந்த கை வேறு கிடையாது.

"கனமா இருக்கா வெர்ஜில்?"

"சேச்சே. ஜாடிதானே."

"ஆமா. ஜாடிதான்."

அவர் வேறு என்ன சொல்ல முடியும்? இது தோட்டா என்று சொன்னால், உமக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாளே! ஆகவே இவர் சிரித்தார், அவள் சிரித்தாள், இருவர் கழுத்திலும் நரம்பு புடைத்தது, அவருக்குக் கனத்தில், அவளுக்குப் பயத்தில். நனைந்த அட்டைக்கு இந்த நாகரிகமெல்லாம் தெரியுமா? மூன்றாம் மாடிக்குச் சில படிகள் இருக்கும்போது அடிப்பக்கம் பிளந்தது. மஞ்சள் மஞ்சளாக வேட்டைத் தோட்டாக்கள் படி படியாகத் தாவி, உருண்டு, கீழ்வீட்டு வாசல்வரை போயின. கதவுகள் திறந்தன. தலைகள் எட்டிப் பார்த்தன.

ஆர்லீன் முகத்தில் ரத்தமில்லை. அவளும் அதே இனம் அல்லவா! இரண்டு பூனை வளர்க்கிற சாதுவான மனிதர், துப்பாக்கிக்காரி என்று தெரிந்தால் ஓடிவிடுவாரே என்று, தன்னுடையதை ஒளிக்கிற அவசரத்தில் அவருடையதைக் கவனிக்க அவளுக்கு எங்கே நேரம்?

வெர்ஜில் அவளைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"என்னுதுதான். பெட்டி மாறிப்போச்சு போல."

இத்தனை காலம் பூனை வளர்த்து, தும்மி, என் குழாயை அடைத்துக் காப்பாற்றிய ரகசியத்தை, யாரிடமிருந்து காப்பாற்றினாரோ அவள் முன்னாலேயே படிக்கட்டில் கொட்டிவிட்டார். அந்த அம்மாள் என்ன செய்தாள் தெரியுமா? நெஞ்சில் கை வைத்தாள்.

"ஐயையோ வெர்ஜில்! உங்க வீட்லயா இதெல்லாம்? அப்போ என் ஜாடி எங்கே?"

என் நெஞ்சழுத்தம் ஊரறிந்தது. அன்று அந்த நெஞ்சழுத்தத்துக்கு நான் தொப்பியைக் கழற்றினேன்.

டெல்பர்ட் ஒன்றைப் பொறுக்கிப் புரட்டினான். "இது வாத்துக்குச் சுடுறதாச்சே. வெர்ஜில் மானுக்குத்தானே..."

"வாயை மூடிட்டுப் பொறுக்குடா" என்றாள் ரோண்டா.

எல்லாவற்றையும் என் குழாய் வாளியில் அள்ளிக்கொண்டு, தன் துப்பாக்கிக்குப் பொருந்தாத தோட்டாக்களோடு, கல்யாணமும் போயிற்று என்ற முகத்தோடு வெர்ஜில் வீட்டுக்குள் போனார்.

மறுநாள் காலையில் நான் மூன்றாம் மாடியில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன். பல்பு நன்றாகத்தான் எரிந்தது, இருந்தாலும் மாற்றினேன். ஆர்லீன் ஒரு கையில் சுடச்சுடப் பீச் பழப் பலகாரமும், மறு கையில் காலிப் பையுமாக அவர் கதவைத் தட்டினாள்.

"அந்த ஜாடியெல்லாம் திருப்பித் தர்றீங்களா? சனிக்கிழமை வாத்து சீசன் ஆரம்பிக்குது."

"வெடிச் சத்தம்னாலே படபடன்னு வரும்னீங்களே?"

"அது அடுத்தவன் வெடிச்சா. நானே சுட்டா வராது."

வெர்ஜில் பெரிதாகத் தும்மினார். பிறகு கதவு சாத்திக்கொண்டது. நான் பழைய பல்பையே மாட்டிவிட்டு இறங்கினேன்.

வசந்த காலத்தில் கல்யாணம். இப்போது ஒரே வீடு, அதே இரண்டு பூனை. திருந்திவிட்டார்கள் என்கிறீர்களா? ரோண்டா இன்றும் இரண்டு பெட்டி கொண்டுவருகிறாள். அவர் வந்து, "மெதுவா, அவளுக்குக் கேக்கும், பூனை மணல்" என்கிறார். அவர் போனதும் இவள் வந்து, "மெதுவா, அவருக்குக் கேக்கும், ஜாடி" என்கிறாள். அந்தக் கனத்தில், அவர்களுக்குக் கீழே உள்ள வீட்டின் கூரையில் மெல்லிய விரிசல் ஒன்று ஓடியிருக்கிறது. நான் கட்டிய தளம், தாங்கும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சரி. போன வாரம் உங்கள் வாசலுக்கு வந்த பெட்டியை, வீட்டில் ஒருவரும் கேட்பதற்கு முன்பே "ஒண்ணுமில்ல, ஆபீஸ் சாமான்" என்று அலமாரிக்குப் பின்னால் தள்ளினீர்களே, அதில் என்ன இருந்தது? தோட்டா இல்லைதான், நாலாவது தூண்டிலோ, எட்டாவது ஜோடி செருப்போ, எனக்கென்ன? தூக்கும்போது சிரித்தீர்களா, அதை மட்டும் சொல்லுங்கள். என்னை ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எனக்கு வருவது குழாய் சாமான். இரும்பு. கனமாகத்தான் இருக்கும்.